கதை விலங்குகளின் குலம்

விளாத்திகுளத்துக் கரிசற்காட்டில் பிறந்தவர்க்கு ஆட்டின் நிறம் ஒரு விலாசம் போன்றது. கருமேனியும் முகத்தின் இருமருங்கும் வெண்கோடும் உடையது பால்கன்னி. கோடு செந்நிறமாயின் செங்கன்னி. வெண்மேனியிற் கருந்திட்டுச் சிதறியது கரும்போரை, செந்திட்டாயின் செம்போரை. வேம்பூரின் பெயர் பெற்ற செம்மறி வகைக்கோ உடலெங்கும் செம்பொட்டு. இந்நிறங்களைக் கொண்டு ஆட்டின் இனத்தை அறிவரேயன்றி, ஒன்று மேற்குலம், மற்றொன்று கீழ்க்குலம் என்று எங்கள் ஊர் மேய்ப்பர் கூறக் கேட்டிலேன். விலையில் ஏற்றத்தாழ்வு உண்டு. அது வேறு கணக்கு.

ஆனால், விலங்கு கதைக்குள் புகுந்தவுடன் மனிதரின் குலத்தைப் பூண்டுவிடுகின்றது. என் பாட்டியார் பஞ்சதந்திரக் கதை கூறுங்கால், சிங்கம் ஜமீன்தாரைப் போலக் கனைத்துப் பேசும். நரி கணக்குப்பிள்ளையைப் போலக் குழையும். கழுதையோ சலவைத் தொழிலாளர் தெருவின் பேச்சைப் பேசும். கழுதையின் முறை வருந்தோறும் திண்ணைப் பிள்ளைகள் நகைப்பர். அத்தெருவிலிருந்து வந்த என் தோழன் ஒருவன் மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிங்கத்தைப் பற்றியும் நரியைப் பற்றியும் ஓயாது வினவுகிறவன், கழுதையைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. பாட்டியார் எவரையும் இகழக் கருதினாரல்லர். குரலே குலத்தைச் சொல்லிவிட்டது.

இஃது எங்கள் திண்ணைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கராகிய ஆர்ட் ஸ்பீகல்மன் 1991-இல் நிறைவு செய்த ‘மௌஸ்’ என்னும் சித்திரக் கதையில் யூதர் எலிகள், ஜெர்மானியர் பூனைகள். யூதரை எலியென இகழ்ந்த நாஜிகளின் சொல்லையே எடுத்து அவர்கள் மேல் திருப்பினார் அவர். ஆயினும், தம்மைப் பன்றிகளாக வரைந்தமை பற்றிப் போலந்து மக்கள் பலர் மனம் நொந்தனர்.

எங்கள் அண்டையூராகிய எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார் இவ்வழக்கை நன்கறிந்தே தலைகீழாக்கினார் என்பது என் துணிபு. ‘முரசு’ என்னும் பாட்டில் ஒரு வெள்ளைப் பூனை நான்கு நிறத்தில் நான்கு குட்டிகளை ஈனுகின்றது. நான்கு என்ற தொகை தற்செயலாக அமைந்ததாகுமோ? வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்பதும் பொருளன்றோ!

நம் காலத்துக்கு வருவோம். ‘மாதொருபாகன்’ (2010) நாவலுக்கு 2014 இறுதியில் எதிர்ப்பு மூளவே, பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவர்க்குச் சார்பாக வந்தது. அதன்பின் எழுதிய நாவலே ‘பூனாச்சி’. மனிதரைப் பற்றி எழுத அச்சம்; பசுவும் பன்றியும் ஆகா; எஞ்சியது ஆடு என்ற கருத்துப்பட முன்னுரையில் அவரே காரணம் கூறுகின்றார். மாதொருபாகனில் ஊரின் பெயரும் குலத்தின் பெயரும் வெளிப்படையாக நின்றன. பூனாச்சியிலோ மானாவாரிக் காடும், குட்டிக்குக் காது குத்தி அடையாளமிட வரிசையில் நிற்கும் ஏழைக் குடியானவரும், கறுப்பாட்டின்மேல் அரசுக்குள்ள ஐயமுமே உள. பெயர்கள் மறைந்தபின்னும் யாரைச் சுட்டுகின்றார் என்பது வாசகர்க்கு விளங்காமற் போகவில்லை. என் தோழனுக்குக் கழுதை விளங்கியது போலத்தான்.

அந்நாவலின் தமிழ்த் தலைப்பில் அது ‘வெள்ளாட்டின் கதை’. 2018-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பிலோ ‘கறுப்பாட்டின் கதை’. பூனாச்சி கறுப்புக் குட்டியே. ஆதலின் இதிற் பிழையில்லை. ஆனால், அட்டையிலேயே கறுப்பு என்று கண்ட மேல்நாட்டார் தம் நாட்டு நிறப்பகையை நினைந்துகொண்டே உள்ளே புகுவர். எங்கள் பக்கத்துக் கன்னியாடு உடல் முழுதும் கருமையாயினும் அதற்கும் பெயர் வெள்ளாடுதான்.