பூச்சியமும் ஒரு கணக்குத்தான்



கடந்த ஞாயிறு சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பன்னிரண்டு பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களுமாக மன்னார்ப் பாலத்தடிக்குப் போனோம். கையில் இரண்டு பைனாகுலர், ஒரு அப்பியாசக் கொப்பி, தண்ணிப் போத்தல். "விடியக்காலையில இதுகளையும் கூட்டிக்கிட்டு எங்க சேர் போறீங்க?" என்று ஆட்டோவில் வந்த நாநா ஒருவர் கேட்டார். அவருக்கான பதில்தான் இந்தப் பதிவு.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசியா எங்கும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். 1987 இல் தொடங்கிய வேலை. எண்ணுகிறவர்களில் நிறையப் பேர் விஞ்ஞானிகள் அல்லர், நம்மைப் போன்றவர்கள்தான். நம் பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்குதான் இரை தேடுகின்றன. 2021 இல் மன்னாரில் ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று ஆர்க்டிக் கரைவரை பறந்துபோய், திரும்பவும் மன்னாருக்கே வந்தது. நாம் குப்பை கொட்டும் சேற்றைத் தேடித்தான் அது அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது.

இனி எங்கள் வெட்கக்கேட்டைச் சொல்கிறோம்.

போன வருடம் கூட்டமாக நின்ற ஓர் இடத்தில் இம்முறை ஒரு பறவைகூட இல்லை. கொப்பி பிடித்திருந்த பையன் மெதுவாகக் கேட்டான்: "ஒண்டும் இல்ல சேர். போன வருஷக் கணக்கையே போடுவமா?"

எங்களால் அவனை ஏச முடியவில்லை. முதல் வருடம் நாங்கள் செய்ததைப் பார்த்துத்தான் அவன் கேட்டான். அன்று எண்ணி முடிக்கப் பொறுமையில்லாமல் 'ஆயிரத்துக்கு மேல்' என்று எழுதிக் கொடுத்தோம். "எப்படி எண்ணினீர்கள்?" என்று தொகுப்பவர் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையைக் கற்றோம். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அளவால் அளக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். அடையாளம் தெரியாத பறவையைத் 'தெரியாது' என்றே எழுத வேண்டும்.

இப்போது மன்னாரில் காற்றாலை வேண்டுமென்று ஒரு சாராரும், வேண்டாமென்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் பறவை பற்றிய பேச்சு வருகிறது. அந்த இடத்தில் நம்மிடம் இருப்பது ஊகமாக இருந்தால் யாரும் காதில் போடமாட்டார்கள். ஒரு வருடம் பொய்யாக ஆயிரம் எழுதினால், மறு வருடம் உண்மையிலேயே குறைந்ததை நிரூபிக்க வழியில்லாமல் போய்விடும்.

இதைப் பையனுக்குச் சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் வெறும் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொப்பியில் பெரிதாக ஒரு பூச்சியம் போட்டான். பக்கத்தில் நேரத்தையும் எழுதினான்: காலை 7.10. அன்று நாங்கள் எழுதியவற்றில் மிகச் சரியான கணக்கு அதுதான்.

உறவுகளே, அடுத்த மாதமும் போவோம், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். பைனாகுலர் தேவையில்லை. களப்பில் வலை போட்டுப் பழகிய பெரியவர்கள் வந்தால் இன்னும் நல்லது. முன்பு எந்தப் பறவை எங்கே நின்றது என்று நீங்கள் சொன்னால்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். வரும்போது வீட்டுக் குப்பையைப் பாலத்தடிக்குக் கொண்டுவராதீர்கள், அது போதும்.