தகரப் பெட்டியில் ஒரு ஓட்டை

மெல்போர்னில் எனக்குக் கிடைத்த சாலிடரிங் சிநேகிதர்கள் இரண்டு மூன்று பேர். சர்க்யூட் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். பெட்டி பற்றிக் கேட்டால் மட்டும் "அது ஏதாவது பண்ணிக்கலாம்" என்பார்கள். அந்த 'ஏதாவது' பற்றித்தான் இந்தப் பதிவு.

எனக்குப் பெட்டி வேலை சொல்லித் தந்தவர் வலியசாலைப் பெரியப்பா. எண்பதுகளில் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். 1963ல் தும்பாவில் ராக்கெட் விட்ட ஊர், 1973ல் கெல்ட்ரான் தொடங்கின ஊர். பெரியப்பாவிடம் இருந்ததோ கையால் சுற்றும் டிரில்லும் ஒரு அரைவட்ட அரமும் :-) வால்வ் சாக்கெட்டுக்குப் பெரிய ஓட்டை வேண்டுமா? வட்டம் வரைந்து, கோட்டுக்கு உள்பக்கமாக வரிசையாய்ச் சின்ன ஓட்டைகள் போட்டு, நடுவைத் தட்டி எடுத்துவிட்டு, கோடு வரை அராவுவார். ஒரு சாக்கெட்டுக்கு ஒரு மத்தியானம் போய்விடும்.

மெல்லிய தகட்டில் நேராகப் பெரிய பிட்டை வைத்தால் ஓட்டை ஏன் முக்கோணமாக வருகிறது தெரியுமோ? சாதாரண பிட்டின் முனை 118 டிகிரிக் கூம்பு. 8 மி.மீ. பிட்டில் அந்தக் கூம்பே ஏறக்குறைய இரண்டரை மி.மீ. உயரம். தகடு 1 மி.மீ.தான். கூம்பு முழுக்க இறங்கும் முன்பே முனை அந்தப் பக்கம் வந்துவிடும். பிடிமானம் போய் பிட் ஆட்டம் போடும். அதனால் முதலில் சென்டர் பஞ்ச், அப்புறம் 3 மி.மீ. ஓட்டை, அதன் பிறகு ஸ்டெப் டிரில். அடியில் மரக்கட்டை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். கையால் பிடித்தால், பிட் கடிக்கிற நொடியில் தகடு விசிறியாகச் சுற்றும். அலுமினியம் என்றால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய்.

இதெல்லாம் பார்வைக்கு. பெரியப்பா கவலைப்பட்டது பிசிறைப் பற்றி. அவர் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் கிடையாது. அவர் செய்த ஆம்ப்ளிஃபயரோ பஜனைக்குப் போகும். வேர்த்த கையோடு ஆளாளுக்குத் தொடுவார்கள். மெயின்ஸ் வயர் நுழையும் ஓட்டையில் ஒரு பிசிறு இருந்து, வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால், பெட்டி முழுக்க 230 வோல்ட். அதனால் பெரிய பிட்டைக் கையில் பிடித்து இரண்டு பக்க விளிம்பையும் வழிப்பார். பிறகு ஒரு துண்டு வயரை ஓட்டையில் விட்டுப் பத்துத் தடவை இழுத்து, லென்ஸில் பார்ப்பார்.

"கீறல் இருக்காடா?"

"லேசா இருக்கு, பெரியப்பா."

"அப்போ மறுபடி வழி."

கீறல் விழாத பிறகுதான் ரப்பர் வளையம் மாட்டுவார்.

இங்கேயும் 230 வோல்ட்தான். எர்த் உண்டு, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பல் வாஷர் போட்டு, பெட்டியோடு எர்த் வயரை முடுக்கிவிடுகிறேன். இப்போது மகளின் வயலினுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் தயாராகிறது. அவள் வெறுங்காலோடு கராஜ் சிமென்ட் தரையில் நின்றுதான் வாசிப்பாள். துண்டு வயரில் இன்னும் லேசாக ஒரு கோடு தெரிகிறது.