புகழ்ச்சி முடிந்து கணக்கு தொடங்கும் இடம்

வரலாற்று நாவல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அரசனிடமிருந்தே தொடங்குகிறார்கள். கல்வெட்டும் அப்படித்தான் தொடங்குகிறது: மெய்க்கீர்த்தி, வென்ற நாடுகள், ஆட்சியாண்டு. அந்த வரிகளை நான் காலத்தைக் குறித்துக்கொள்வதற்காகப் படிக்கிறேன். புகழ்ச்சி முடிந்து, யாருக்கு எவ்வளவு நெல் என்ற கணக்கு தொடங்கும் இடத்தில்தான் என் கதைக்கான மனிதர்கள் இருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் முதலாம் ராஜராஜன் வெட்டுவித்த ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஹுல்ட்ஷ் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அதை முழுதாகப் படிக்கலாம். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயில் ஆடல்மகளிரின், பட்டியல் அது. ஒவ்வொருத்தியின் பெயர், அவள் வந்த ஊர், தஞ்சையில் அவள் குடியிருந்த தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்க வரிசை), எத்தனையாவது வீடு என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நாவிதர், வண்ணார், தையற்காரர், குயவர் என்று பட்டியல் நீள்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு தெருவை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போக முடிகிறது. நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய செல்வம் வேறு என்ன வேண்டும்?

அதே கல்வெட்டில் ஒரு விதியும் இருக்கிறது. பங்கு பெறுபவர் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ, அடுத்த முறைக்காரர் அந்த நெல்லைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்கே தகுதி இல்லையென்றால், தகுதியுள்ளவரை வைத்துச் செய்விக்க வேண்டும். நிர்வாகத்துக்காக எழுதப்பட்ட இந்த விதிக்குள் ஒரு குடும்பக் கதை முழுசாக இருக்கிறது. மூப்படைந்த ஆடல்மகள், ஆட வராத அவளுடைய மகள், அழகாக ஆடும் அயல்வீட்டுப் பெண், நடுவில் 100 கலம் நெல். சதித்திட்டமும் வாள்சண்டையும் இல்லாமலே கதை நகரத் தொடங்கிவிடுகிறது. ஆராய்ச்சி கற்பனையின் கையைக் கட்டிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் கதைக்கு முடிச்சைக் கொடுப்பதே அந்தக் கட்டுதான்.

பிறகு அந்த வீட்டுக்குள் போக வேண்டும். அடுக்களையில் மிளகு இருக்கலாம். மிளகாய் இருக்கக் கூடாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாமே போர்த்துக்கீசியர் கடல்வழி வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தவை. விளக்குக்கும் கணக்கு உண்டு. கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய உழக்கு நெய். அந்த நெய்க்கு 96 ஆடுகள். இது தெரிந்துவிட்டால் ‘எங்கும் தீபங்கள் ஒளிர்ந்தன’ என்று கை தானாக எழுதாது. ஒவ்வொரு சுடருக்கும் பின்னால் ஒரு மந்தையும் அதை மேய்க்கும் இடையரும் நிற்பது தெரியும். அந்த வீட்டுப் பெண் திருவாரூரிலிருந்து வந்தவள் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து தஞ்சைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அவள் ஐப்பசி மழையில் வந்தாளா, தை அறுவடையில் வந்தாளா என்பதைப் பொறுத்து அந்த அத்தியாயத்தின் மண்ணும் மணமும் மாறிவிடும்.

குறிப்பேட்டில் நான் மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன்: கல்லில் உள்ளது, அக்காலத்தில் நடந்திருக்கக்கூடியது, நானாகக் கற்பித்தது. மூன்றாவது பத்திக்கு நான் வெட்கப்படுவதில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகள் பறிமுதலானதையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் கல்கி தன் நாவலில் நந்தினியைப் படைத்தார். நந்தினி கற்பனைப் பாத்திரம். அவள் நிற்கும் இடம் வரலாறு விட்டுவைத்த இடம். எழுதியவன் படிக்காமல் விட்டதற்கும் கல் சொல்லாமல் விட்டதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதில்தான் நமக்கு உரிமை.

சேகரித்ததில் பெரும்பகுதி நாவலுக்குள் வரக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தளிச்சேரிப் பெண் தன் மகளிடம் கலம் என்றால் எவ்வளவு என்று விளக்கமாட்டாள். நெல் அளக்கும்போது மரக்காலின் விளிம்பைப் பார்ப்பாள். தலை தட்டியதா, குறைகிறதா என்று கவனிப்பாள். எழுதுபவனுக்குத் தெரிந்தது அவளுடைய பார்வையாக மாறினால் பக்கத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும்.

அந்த 400 பேரும் வாழ்ந்தவர்கள். தஞ்சைக்கு வர அவர்கள் விரும்பினார்களா என்று எந்தக் கல்லும் கேட்கவில்லை. அதைக் கேட்பது நாவலின் வேலை. கேட்பதற்கு முன்னால் அவர்களில் ஒருத்தி எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்த வீட்டில் இருந்தாள் என்று தெரிந்துகொண்டு போவது அவளுக்கு நாம் தரும் மரியாதை.