ஓட்டை வைரம்

எங்க வீட்டுல ஒரு வைர மோதிரம் இருக்குங்க. பாட்டியோட அப்பா, கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு, அதாவது எங்க தாத்தாவுக்குப் போட்டது. மேலேர்ந்து பாத்தா கல்லுக்கு நடுவுல குட்டியா ஒரு வட்டம் தெரியும். "ஓட்டைக் கல்லைக் குடுத்து ஏமாத்திட்டான் உங்கப்பன்"னு பாட்டியோட மாமியார் ஆரம்பிச்சது, பாட்டி போற வரைக்கும் வீட்டுல ஓடிச்சு. பாட்டி பதில் சொன்னதே இல்ல.

மோதிரம் இப்ப என்கிட்ட. கல் லேசா ஆடுதேன்னு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு, "பழைய கட்டிங் சார். மறுபடி பட்டை தீட்டி ரவுண்ட் பிரில்லியன்ட் ஆக்கிடலாம், டால் அடிக்கும்"னார்.

"அந்த ஓட்டையும் போயிடுமா?"

சிரிச்சுட்டார். "அது ஓட்டை இல்ல சார், க்யூலெட்!"

வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தேன். ரவுண்ட் பிரில்லியன்ட்டுக்கு 57 பட்டை. அடியில இருக்கற கூர்முனையையும் தட்டையாக்கினா 58. அந்தக் கடைசிப் பட்டைதான் க்யூலெட். பழைய கட்டிங்ல அதைப் பெருசாவே விடுவாங்க. அதான் மேலேர்ந்து வட்டமா தெரியுது.

1919-ல மார்செல் டோல்கோவ்ஸ்கின்னு ஒருத்தர் கணக்குப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். மேல் சரிவு 34.5 டிகிரி, அடிச்சரிவு 40.75 டிகிரி இருந்தா, உள்ள போற வெளிச்சம் அடியில கசியாம மேலேயே திரும்பி வரும். அடி ரொம்ப ஆழமானா நடுவுல கறுத்துத் தெரியும். ரொம்ப மேலாப்புல இருந்தா கல் சப்புன்னு இருக்கும்.

வைர மோதிரம் வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சென்ட் கணக்கை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. எடை ஆழத்துல ஒளிஞ்சிருக்கலாம். 100 சென்ட், அதாவது 1 காரட் இருக்கற நல்ல ரவுண்ட் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும். ஜிஐஏ சர்டிபிகேட்னா 2006-லேர்ந்து கட்டிங்குக்கும் தனியா தரம் போடறாங்க, அதையும் பாருங்க. கடை விளக்குல எல்லாக் கல்லும்தான் மின்னும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பாருங்க.

நான் பட்டை தீட்டலை. தீட்டினா எடை குறையும், அது ஒரு காரணம். இன்னொண்ணு, அந்த வட்டம் போயிடும். கல்லை மட்டும் இறுக்கி வாங்கிட்டு வந்தேன்.

அப்பாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"நானும் கூடச் சேந்து சிரிச்சிருக்கேன்டா"ன்னார்.