கேல் நகரின் திறந்த கதவுகள்

ஐரோப்பா செல்வோர் உரோமையையும் லூர்து நகரையும் தரிசித்துத் திரும்புவது வழக்கம். நாமோ பெல்ஜியம் நாட்டில், ஆண்ட்வெர்ப் நகருக்குக் கிழக்கேயுள்ள கேல் என்னும் ஊரையும் காண விழைந்தோம். மனநோயாளரின் பாதுகாவலியாம் புனித திம்ப்னாவின் ஊர் அது.

7-ஆம் நூற்றாண்டில், அயர்லாந்து அரசன் ஒருவன் மனைவியை இழந்த துயரில் மதிமயங்கி மகளையே மணக்க முற்பட்டான் என்றும், அவள் தன் ஆன்ம குருவுடன் கடல்கடந்து இங்கு வந்து, பின்தொடர்ந்த தந்தையின் வாளுக்கே இரையானாள் என்றும் மரபு கூறும். அவள் கல்லறையை நாடி, சித்தம் கலங்கியோரை உறவினர் அழைத்து வரலாயினர்.

15-ஆம் நூற்றாண்டில் ஆலயத்தை ஒட்டி நோயாளர் அறை ஒன்று எழுந்தது. நவநாள் செய்ய வந்தோர் அங்குத் தங்கினர். இடம் போதாதபோது ஊர்க் குடியானவர்கள் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றனர். நவநாள் முடிந்தும் குணம் பெறாதவர் பலர் அவ்வீடுகளிலேயே தங்கி, உடன் உண்டு, வயலில் உடன் உழைத்தனர். ஊரார் அவர்களைப் பித்தர் என்னாது, 'நம் வீட்டில் உண்டு உறைபவர்' என்றே அழைத்தனர். 1850-இல் அரசு பொறுப்பேற்றது. 1862-இல் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. 1938-இல் இவ்வாறு வாழ்ந்தோர் 3,700-க்கு மேற்பட்டோர். இன்று அத்தொகை வெகுவாகக் குறைந்துவிட்டபோதிலும் வழக்கம் அற்றுப்போகவில்லை.

அவ்வாலயத்தில் முழந்தாளிட்டபோது நம் உள்ளம் உறுத்தியது. பல்லாண்டுகளுக்கு முன், காதில் குரல்கள் கேட்பதாய்ப் புலம்பிய தன் மகனை ஒரு தாய் நம்மிடம் அழைத்து வந்தாள். நாம் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து, நவநாள் செய்யச் சொல்லி அனுப்பினோம். மருத்துவரிடம் செல்லுமாறு ஒரு வார்த்தை சொன்னோமில்லை. ஓராண்டு வீணாயிற்று, அந்த ஓராண்டும் அப்பிள்ளை பின்கட்டு அறையில் பூட்டப்பட்டிருந்தான். செபம் தவறன்று, செபத்தோடு நிறுத்தியதே நம் தவறு.

கேல் மக்கள் வழக்கத்தால் அறிந்ததை ஆராய்ச்சியாளர் பின்னர் வேறு வழியில் கண்டனர். ஜார்ஜ் பிரவுன் என்பவர் 1950-களில் இலண்டனில், மனச்சிதைவு நோய் தணிந்து மருத்துவமனையினின்று வீடு திரும்பியோரைக் கவனித்து வந்தார். பெற்றோருடனோ மனைவியுடனோ வாழச் சென்றோரைவிட, வாடகை அறைகளில் தங்கியோர் நலமாயிருந்தனர்! ஓயாத குறைகூறலும், கடுப்பும், மிதமிஞ்சிய பதற்றமும் நிறைந்த வீட்டில் நோய் எளிதில் திரும்புகிறது என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. குடும்பமே நோயை உண்டாக்கியது என்பதன்று இதன் பொருள். நோயின் இயல்பை வீட்டாருக்கு விளக்கி, அமைதியாய்ப் பேசப் பழக்கினால், மருந்தும் துணைநிற்க, நோய் திரும்புவது குறைகிறது என்பதும் அவ்வாய்வுகளின் முடிவே.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் இல்லத்தில் இத்தகைய பிள்ளை இருப்பின் வெட்கப்படாதீர். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை இடையில் நிறுத்தாதீர். திருப்பலிக்கும் அழைத்து வாருங்கள். அயலாரே, அப்பிள்ளையைக் கண்டு ஒதுங்காதீர். பெயர் சொல்லி அழையுங்கள். கேல் நகரத்தார் அந்நியரின் பிள்ளைகளுக்கே கதவு திறந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் பின்கட்டு அறையைப் பூட்டலாமோ?