நார்வே நாட்டில் பத்து நாட்கள்

சென்ற மே மாத விடுமுறையில் நானும் அம்மாவும் நார்வே நாட்டுக்குச் சென்றோம். என் அக்கா ஆஸ்லோ நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். நான்கு ஆண்டுகளாக அவள் ஊருக்கு வரவில்லை. எப்படியாவது பேசி அவளை வேலையை விடச் செய்து, கையோடு அழைத்து வந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். ஊர் பார்க்கும் ஆசையெல்லாம் எனக்குத்தான்!

முதல் நாள் இரவு மணி பத்தாகியும் வெளியே வெளிச்சம் குறையவில்லை. “இருட்டட்டும், சாப்பிடலாம்” என்று காத்திருந்த அம்மாவைப் பார்த்து அக்கா சிரித்தாள். கோடையில் இங்கே சூரியன் மிகத் தாமதமாகவே மறையுமாம்; நாட்டின் வடகோடியில் பல வாரங்கள் மறைவதே இல்லையாம். டிசம்பரிலோ ஆஸ்லோவில் பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரந்தான். “அந்த இருட்டில் தனியாகவா இருந்தாய்?” என்று அம்மா கேட்டார்கள். அக்கா பதில் சொல்லவில்லை.

மறுநாள் விகலாண்ட் பூங்காவுக்குப் போனோம். கஸ்டாவ் விகலாண்ட் என்ற ஒரே சிற்பி படைத்த இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் அங்கே உள்ளன. ஒரே கல்லில் 121 மனித உருவங்களைச் செதுக்கிய தூண் கண்கொள்ளாக் காட்சி! அம்மாவோ தாயும் சேயுமான சிலைகளின் முன்பே வெகுநேரம் நின்றார்கள். அன்னை தெரசா 1979-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றதும் இந்நகரில்தான். வழக்கமான விருந்தை நிறுத்தி, அந்தப் பணத்தை ஏழைகளுக்குத் தரும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்பதை நினைத்தபோது என் உள்ளம் பூரித்தது.

பின்னர் ரயிலில் மேற்கே புறப்பட்டோம். 1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்சே நிலையத்தில் மே மாதத்திலும் எங்கும் வெண்பனி! மிர்டாலில் வண்டி மாறினோம். அங்கிருந்து ஃப்லோம் வரை 20 கிலோமீட்டர்தான். அதற்குள் வண்டி 860 மீட்டருக்கு மேல் கீழிறங்குகிறது. வழியில் 20 சுரங்கப் பாதைகள். ஓர் அருவியருகே வண்டி நின்றது. உருகிய பனி பேரிரைச்சலோடு கொட்ட, சாரல் எங்கள் முகத்தில் தெறித்தது.

ஃப்லோமிலிருந்து படகில் நேரோய்ஃபியோர்டுக்குள் நுழைந்தோம். பனியூழிக் காலத்தில் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்து உண்டானதே ஃபியோர்டு. ஓரிடத்தில் அதன் அகலம் 250 மீட்டர்தான். இருபுறமும் வானளாவிய மலைகள்; நடுவே சலனமற்ற நீர். யாரும் பேசவில்லை.

அப்போது அக்கா மெல்லச் சொன்னாள்: “முதல் குளிர்காலத்தில் ஊருக்கே திரும்பிவிட நினைத்தேன், அம்மா. உடன் வேலை பார்க்கும் வயதான செவிலி ஒருவர் வெயில் வந்ததும் என்னை இங்கே அழைத்து வந்தார். அதன்பிறகு போகவேண்டும் என்று தோன்றவில்லை.” அம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டார்கள்.

பெர்கன் நகரில் இரண்டு நாளும் மழை. அங்கே ஆண்டில் பாதி நாட்களுக்கு மேல் மழைதானாம்! துறைமுகத்தை ஒட்டிய பிரிக்கன் பகுதியின் மரவீடுகள், 1702-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் பழைய முறைப்படியே மீண்டும் கட்டப்பட்டவை. அவற்றினூடே ஒரே குடையில் அம்மாவும் அக்காவும் முன்னே நடந்தார்கள். நான் நனைந்துகொண்டே பின்னால் சென்றேன்.

விமான நிலையத்தில், “எங்களோடு வந்துவிடு” என்று அம்மா சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். “குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டையாக வாங்கிக்கொள்” என்று மட்டுமே சொன்னார்கள்.

தோழியரே! மலையையும் கடலையும் காணச் சென்ற நான் என் தாயின் உள்ளத்தையும் கண்டு திரும்பினேன். இப்போதும் எங்கள் வீட்டில் விளக்குப் போடும் நேரத்தில் அம்மா கடிகாரத்தைப் பார்த்து, “அவளுக்கு இன்னும் வெயிலடிக்கும்” என்பார்கள்.

— பதினொன்றாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு