நெல் விற்பனையும் வாட்ஸ்அப் குழுவும்

திருச்சி மாவட்ட நெல் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அறுவடைக் காலத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி விலையைப் பற்றியது அன்று. அரசு தரும் விலை முன்பே தெரிந்துவிடுகிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. லால்குடிக்கும் மணிகண்டத்துக்கும் அதே தொகைதான். கேட்கப்படுவது வேறு: நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா, சாக்கு வந்ததா, எடை போட்ட மூட்டைகளை ஏற்ற லாரி வந்ததா, ஈரம் எவ்வளவு வரை எடுக்கிறார்கள்? 2018-இல் வந்த தமிழக அரசின் உழவன் செயலியில் மானியம், வானிலை, சந்தை விலை எல்லாம் உண்டு. ஆனால் பக்கத்து ஊர் நிலையத்தில் காலையில் சாக்கு தீர்ந்துபோனதை அங்கே வரிசையில் நிற்பவர்தான் சொல்ல முடியும்.

ஊடகத்தை நம்பி விவசாயம் செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் 1960-களில் ஆடுதுறை 27 ரகத்தை விடாமல் எடுத்துச் சொன்னதில், அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் விழுந்தது. அப்போது சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். குழுவில் இன்று கேட்டவர் நாளை சொல்பவராகிறார். ஆகவே தகவலின் தரம் அனுப்புகிறவரின் கவனத்தைப் பொறுத்தது.

தனியார் வியாபாரியின் விலைச் செய்தியில்தான் இது நன்றாகத் தெரியும். ‘பொன்னி 1,500’ என்று ஒரு வரி வருகிறது. 60 கிலோ மூட்டைக்கு என்றால் குவிண்டால் 2,500 ரூபாய். அதே பணத்துக்கு வியாபாரி 62 கிலோ நிறுத்தால் குவிண்டாலுக்கு 2,419 ரூபாய்தான் நிற்கும். வெள்ளைப் பொன்னியா, ஆந்திரா பொன்னியா; அறுவடை இயந்திரம் கொட்டிய ஈர நெல்லா, களத்தில் காய்ந்ததா; வயலிலேயே ஏற்றுகிறாரா, மண்ணச்சநல்லூர் ஆலை வாசலில் இறக்க வேண்டுமா; கைக்காசா, தவணையா? இவை இல்லாத விலை வெறும் எண். நல்ல அட்மின் இருக்கும் குழுவில் இந்த விவரங்களும் தேதியும் இல்லாமல் விலை போட விடமாட்டார்கள். காலை வணக்கப் படங்களுக்கும் அங்கே இடமில்லை.

ஈரப்பதக் கணக்கும் அப்படித்தான். கொள்முதல் வரம்பு 17 சதவீதம். மழை கெடுத்த பருவங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்தியது உண்டு: 2022 அக்டோபரில் 19, 2023 பிப்ரவரியில் 20. அந்தப் பழைய அறிவிப்புகளின் படங்கள் அடுத்த மழையில் தேதியில்லாமல் சுற்றினால், நம்பி ஈர நெல்லை ஏற்றிப் போனவர் நிலைய வாசலில் தார்ப்பாய் விரிக்க வேண்டியதுதான். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 17-க்கு இறங்கும்போது சுமார் 96 கிலோவாகும். இந்த எடை இழப்பையும் காய வைக்கும் கூலியையும் கூட்டிப் பார்த்த பிறகே, வயலில் வந்து ஈரத்தோடு எடுக்கும் வியாபாரியின் குறைந்த விலை உண்மையில் குறைவா என்பது தெரியும்.

தகவல் கிடைத்தால் விலை உயரும் என்ற நம்பிக்கைக்குப் பெரும்பாலும் மேற்கோளாக வருவது கேரளத்து மீனவர்கள். 1997 முதல் 2001 வரை அங்கே கைப்பேசி பரவியபோது கரைக்குக் கரை இருந்த மத்தி விலை வேறுபாடு சுருங்கியதையும், விற்காமல் வீணாகும் மீன் இல்லாமல் போனதையும் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் காட்டினார். ஆனால் மகாராஷ்டிரத்தில் குறுஞ்செய்தியில் விலை பெற்ற விவசாயிகளை ஆராய்ந்த ஃபாஃப்சாம்ப்ஸும் மின்டனும் 2012-இல் வெளியிட்ட முடிவு வேறு: அவர்களுக்குக் கிடைத்த விலையில் சொல்லத்தக்க மாற்றமில்லை. மீனவர் படகைத் திருப்பிவிடலாம். அறுவடை இயந்திர வாடகையும் நகைக் கடன் தவணையும் நெருக்க, களமோ கிடங்கோ இல்லாதவர் நெல்லை எங்கே திருப்புவார்? செய்தி பயன்படுவது இரண்டு வாரம் காத்திருக்க முடிந்தவருக்கு.

குத்தகைதாரருக்கு இன்னொரு முடிச்சு. கொள்முதலுக்கு இணையத்தில் பதிய சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். நிலத்துக்காரர் திருச்சி தில்லை நகரில் குடியிருப்பார். பட்டா அவர் பெயரில். ‘சிட்டா போட்டோ அனுப்புங்கண்ணே’ என்ற செய்தியை அவர் அன்றே பார்த்தால் பதிவு முடியும். எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் இல்லாத இடங்களில் அவர் தயங்குவார். பிறகு நெல் வியாபாரிக்குத்தான் போகும். இந்தத் தயக்கத்தை எந்தக் குழுவும் தீர்த்ததில்லை.

விவசாயியே விலை சொல்லும் இடம் நேரடி அரிசி விற்பனை. கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு நகர வீடுகளுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். கிலோ விலை கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் நெல்லை அரைத்தால் உமியும் தவிடும் போக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அரிசி. அரவை, பை, கூரியர் செலவு தனி. தீட்டாத அரிசியில் தவிடு இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். அதனால் தொழில் பழகியவர்கள் நெல்லாகவே வைத்திருந்து, ஆர்டர் சேரச் சேர அரைக்கிறார்கள். கடன் சொல்லும் வாடிக்கையாளருக்கு அடுத்த மாதம் அனுப்புவதில்லை.